ரோவீனா பெல்க்கி கட்டித் தொங்கவிட்ட அக்டோபர்

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை, வெளிச்சம் சரியாக வந்தும் வராத நேரத்தில், வெஸ்ட் ஆர்டன் ஊர் சாலைப் பிரிவின் ஆரஞ்சு நிற லாரி மில் சாலை வளைவில் நட்டநடுவே நின்றது. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்து கிடந்தது. கூரை விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே வயர்லெஸ் கரகரத்தது.

"ரோவீனா, எங்க இருக்க?"

ரோவீனா ஓடிவந்து திறந்த கதவு வழியே மைக்கை எடுத்தாள்.

"மரத்துக்குக் கீழ."

"மரம் விழுந்துருச்சா?"

"விழல மெரில், சிவந்துருச்சு! நேத்து சாயங்காலம் பாதி பச்சையா நின்னது. இப்போ அடியில இருந்து நுனி வரைக்கும் பத்திக்கிட்டு எரியுது. சீக்கிரம் வந்து பாரு!"

மறுமுனையில் இருந்தவர் மெரில் குஷிங். ஊர் சாலைப் பிரிவுக்குத் தலைவர் அவர். தன்னார்வத் தீயணைப்புப் படைக்கும் அவரே தலைவர். எரிகிறது என்ற சொல்லைக் காப்பி குடிக்குமுன் கேட்க விரும்பாதவர்.

"இலைதானே?" என்றார்.

"இலைதான்."

"அப்ப லாரியை எடு."

எங்கள் வெர்மாண்ட் மாநிலத்தில் பிறந்தவர்கள் இலையுதிர்காலத்தில் நிறம் மாறும் இலையைப் பார்த்து வாய் பிளப்பதில்லை. அது பாஸ்டனிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் காரில் வருகிறவர்களின் வேலை. அவர்கள் வளைவுக்கு வளைவு நிறுத்துவார்கள், கதவைத் திறந்துபோட்டு நடுச்சாலையில் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் பின்னால் வண்டியில் உட்கார்ந்து பொறுமையாக ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருப்போம். மலைச்சரிவு முழுக்கத் தீயணைப்பு வண்டிச் சிவப்பிலும் பள்ளிப் பேருந்து மஞ்சளிலும் வேட்டைக்காரர் சட்டை ஆரஞ்சிலும் தகதகக்கும்போது கடைவாசலில் ஒருவரை ஒருவர் பார்த்து, "இந்த வருஷம் பரவால்ல" என்போம். அதற்குமேல் ஒரு வார்த்தை வந்தால் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

ரோவீனா இந்த விஷயத்தில் மட்டும் வெளியூர்க்காரி. ஐம்பத்தேழு வயது, ஆறடிக்குச் சற்றே குறைந்த உயரம். கோடையில் மண்சாலைகளுக்குச் சரளை போடுகிறாள், குளிர்காலத்தில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள். சாலைப் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய குரல்; அவள் அஞ்சலகத்தில் ரகசியம் சொன்னால் எதிரிலிருக்கும் தேவாலயத்தில் கேட்கும். ஒருமுறை கல்யாணம் ஆகி இரண்டு குளிர்காலம் தாங்கியது. ஏன் விட்டாய் என்று கேட்டால், "நல்ல மனுஷன்தான், காலையில பேசுவான்" என்பாள். அப்பா அம்மாவின் வீட்டில், மலைக்கு மேலே, தனியாக இருக்கிறாள்.

ஆனால் செப்டம்பர் கடைசியில் சதுப்பு ஓரத்தில் முதல் மேப்பிள் கிளை சிவக்கட்டும், அவளைப் பிடிக்க முடியாது. லாரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போவாள். எதிரே வருகிறவர்களிடம், "டேபர் வீட்டு ஓரமா போங்க, அந்த ஆஷ் மரம் நாவல்பழக் கலருக்கு வந்துருச்சு, நாளைக்கு இருக்காது!" என்று கத்துவாள். வெளியூர்க் கார்களை அவளே நிறுத்தி வழி சொல்லி அனுப்புவாள். இருபத்து நான்கு வருடங்களாக இதே சாலைகள், இதே மரங்கள். ஒவ்வோர் ஆண்டும் அவளுக்கு முதல் தடவைதான்.

இந்த வருடம் அந்தப் பரபரப்புக்குக் கூடுதலாக ஒரு காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் மேவிஸ்.

மேவிஸ் அவளுடைய அக்கா. முப்பது வருடங்களுக்கு முன்பு அரிசோனாவிலுள்ள டூசானுக்குப் போய், ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்தவள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. செப்டம்பரில் போன் செய்தாள். நவம்பர் நடுவில் வேலையிலிருந்து ஓய்வு. அங்கேயே வயதானவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் இடம் காலியாகிறது, நீச்சல் குளம் உண்டு, சீட்டாட ஆள் உண்டு, டிசம்பருக்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லவேண்டும்.

ரோவீனாவுக்குச் சொல்ல நினைத்தது நாக்கு நுனி வரை வந்தது. வந்தது அங்கேயே நின்றது.

"ஓகோ, நீச்சல் குளமா," என்றாள்.

"ஆமா. பெரிசு."

"தேங்க்ஸ்கிவிங்குக்கு இங்க வர்றியா?"

"நவம்பர்லயா? சரி, வர்றேன்."

போனை வைத்ததும்தான் ரோவீனாவுக்கு விஷயம் உறைத்தது. நவம்பர்! அக்டோபர் முடிவதற்குள் காற்றும் மழையும் சேர்ந்து மரங்களை உருவிவிடும். அதற்கும் முதல் நல்ல பனிக்கும் நடுவே ஒரு காலம் வரும். எங்கள் பக்கம் அதற்குக் குச்சிக் காலம் என்றே பெயர். மரம் குச்சி, மலை சாம்பல், சாலை சேறு. மேவிஸ் கடைசியாக வந்தது அப்படி ஒரு நவம்பரில்தான், பதினொரு வருடங்களுக்கு முன்பு, அப்பாவின் சவ அடக்கத்துக்கு. திரும்பிப் போகும்போது கார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல செத்தவங்கதான் நிம்மதியா இருக்க முடியும்" என்றாள். ரோவீனா அதை மறக்கவில்லை.

ஆக, மேவிஸ் ஊருக்குத் திரும்பி வரவேண்டுமென்றால் நவம்பரில் அவளுக்கு அக்டோபரைக் காட்டவேண்டும். வேறு யாராக இருந்தாலும், "வீட்டுக்கு வந்து என்னோட இரு" என்று போனில் சொல்லி முடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்வது அடுத்தவர் வீட்டுக்குள் செருப்புக்காலோடு நுழைவது மாதிரி. ஒருத்தி தன் வாழ்க்கையை எங்கே வைத்துக்கொள்வது என்பது அவள் பாடு. ரோவீனாவுக்கு அந்த நான்கு சொற்களைவிட நான்காயிரம் இலைகள் சுலபமாகத் தெரிந்தன.

நவம்பரின் நான்காம் வியாழனில் வரும் நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங்கின் விருந்து எங்கள் ஊரில் விவசாயிகள் சங்கத்தின் பழைய கூடத்தில் நடக்கும். வீட்டில் ஆள் இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் வருவார்கள். விருந்துக்கு அரசி ஹெஸ்டர் பூட்ரோ. எழுபத்தோரு வயது, சமையலறைக்கும் அலங்காரத்துக்கும் அவர் சொன்னதுதான் சட்டம். அலங்காரம் என்றால் மூலைக்கொரு சோளத்தட்டைக் கட்டு, மேசைக்கொரு பரங்கிக்காய், சுவரில் பள்ளிக் குழந்தைகள் கையைத் தாளில் வைத்து வரைந்து வெட்டிய வான்கோழிகள். அவ்வளவுதான்.

ரோவீனா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுச் சமையலறையில் போய் நின்றாள்.

"ஹெஸ்டர், கூடத்தோட கூரையை இந்த வருஷம் எனக்குக் குடுங்க."

"கூரையை வச்சு என்ன பண்ணப் போற?"

"மரம் பண்ணப் போறேன். கூரை முழுக்க. நிஜ இலை. மெழுகுல முக்கி எடுத்தா கலர் அப்படியே நிக்கும்."

"என் பேப்பர் வான்கோழியெல்லாம்?"

"சுவர்ல இருக்கட்டும். அது மேல கை வைக்க நான் யாரு?"

ஹெஸ்டர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "மேல உன்னுது, கீழ என்னுது. ஆனா ஒண்ணு. என் கிரேவில ஒரே ஒரு இலை விழுந்துச்சு, உன்னையும் அதுலயே போட்டுக் கொதிக்க வச்சிருவேன்."

"விழாது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார் ஹெஸ்டர். யார் எல்லோரும் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து லாரியில் சரளையோடு இலையும் ஏறியது. நிறம் உச்சத்துக்கு வரும் அந்த இரண்டு வாரமும் ரோவீனா மதிய சாப்பாட்டைத் துறந்தாள். விழுந்த இலை உதவாது. கிளையிலேயே பழுத்து, பறித்த அன்றைக்கே மெழுகு ஏறவேண்டும். சுகர் மேப்பிளில் பாதி ஆரஞ்சு பாதி சிவப்பு, சதுப்பு மேப்பிளில் கருஞ்சிவப்பு, பிர்ச்சில் வெண்ணெய் மஞ்சள், ஓக்கில் தோல் செருப்பின் பழுப்பு. லாரியின் மேல் ஏறி நின்று பறிப்பாள். இலை பார்க்க வந்த கார்கள் இவளையும் சேர்த்துப் படம் எடுத்தன. கனெக்டிகட்டிலிருந்து வந்த ஒருவர், "இது என்ன ஊர்த் திருவிழாவா?" என்று கேட்டார். "ஆமாங்க, இறங்கி வாங்க!" என்று அவரையும் அரை மணி நேரம் பறிக்க வைத்தாள்.

மெழுகுக்கு ஊரைக் கேட்டாள். ஊர் அள்ளிக் கொடுத்தது. எல்லா வீட்டு அலமாரியிலும் யாரோ பரிசளித்த, பாதி எரிந்த, வாசனை மெழுகுவர்த்தி ஜாடிகள் தூங்குகின்றன. தூக்கிப்போட மனசு வராது, ஏற்றினால் தலைவலிக்கும். அத்தனையும் பெட்டி பெட்டியாகச் சாலைப் பிரிவின் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தன. வனிலா, லவங்கப்பட்டை, பைன், கடற்காற்று. வேலை முடிந்ததும் பெரிய அண்டாவில் வெந்நீர் வைத்து, அதற்குள் சிறு பாத்திரம் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றாக உருக்கினாள். இரண்டு வாரம் ஷெட்டுக்குள் நுழைந்த ஓட்டுநர்கள் எல்லோரும் கேக் கடையில் வேலை பார்ப்பவர்கள் மாதிரி மணத்தார்கள்.

மெரில் ஒருநாள் வந்து பார்த்தார். மீன்பிடி நரம்பை நீளமாக இழுத்துக் கட்டி, ஒவ்வோர் இலைக் காம்பையும் அதில் வைத்து ஒரு சொட்டு மெழுகு விட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள் ரோவீனா. மெரில் ஓர் இலையை விரலால் தடவினார்.

"வழவழன்னு இருக்கே. ஜாடி மெழுகுதானே இது? லேசான சூட்டுக்கே இளகிருமே, ஜாடி இல்லாம நிக்குமா?"

"நல்லா நிக்குது, பாரு."

"இலைக்கொரு கிளிப் போட்டுடேன். நம்ம ஷெட்ல பெட்டி நிறைய கிடக்கு."

"கிளிப் தெரிஞ்சா மரம் மாதிரியா இருக்கும்? துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும். மேவிஸ் கண்ணு கழுகுக் கண்ணு."

"சரி. தீயணைப்புத் தலைவரா ஒரு வார்த்தை சொல்லிடறேன். அடுப்புப் புகைக்குழாய்ல இருந்து ஆறடி தள்ளித்தான் கட்டணும்."

"சாலைத் தலைவரா ஏதாவது இருக்கா?"

"இருக்கு. நாளைக்கு மில் சாலைக்குச் சரளை போடு. போன வாரமே சொன்னேன்."

அக்டோபர் கடைசி வாரத்தில் ஓர் இரவு தெற்கிலிருந்து பெருங்காற்று வந்தது. விடிந்தபோது மலையில் ஒன்றுமில்லை. குச்சிக் காலம் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு குனிந்து நடந்தோம். ரோவீனா மட்டும் ஏதோ புதையல் கிடைத்தவள் போலச் சிரித்துக்கொண்டு திரிந்தாள். அவள் வீட்டு நிலவறையின் குளிர்ச்சியில், ஆப்பிள் கூடைகளுக்குள், முழு அக்டோபரும் சுருண்டு கிடந்தது.

விருந்துக்கு முந்தின நாள், புதன்கிழமை, கூடத்தில் ஏணிகள் ஏறின. சொல்லிவைத்த மாதிரி ஊரே வந்துவிட்டது. இலையைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் என்று சொன்னேனே, அவர்கள்தான். முதலில் சும்மா எட்டிப்பார்க்க வந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள். பத்து நிமிடத்தில் கோட்டுகளைக் கழற்றினார்கள். அப்புறம் சண்டையே வந்துவிட்டது.

"அந்தச் சிவப்பை ஜன்னல் பக்கம் போடுங்கப்பா, வெளிச்சம் பட்டா எப்படி இருக்கும்!"

"மஞ்சளை நடுவுல போடு. மலையில அப்படியா இருக்கு? ஓக் எங்கயாவது உச்சியில நிக்குமா?"

"ஏய், நீ இத்தனை வருஷமா மலையைப் பார்த்ததே இல்லன்னு சொன்ன?"

"பார்க்கல. கண்ணுல பட்டுது."

சாயங்காலத்துக்குள் உத்தரங்கள் மறைந்துவிட்டன. கூரை என்பதே இல்லை. தலைக்கு மேலே மில் சாலை வளைவு இருந்தது. கதவைத் திறந்தால் காற்றில் நரம்புகள் ஆட, நான்காயிரம் இலைகளும் ஒருசேரச் சலசலத்து, வனிலாவும் பைனும் மணத்தன. மேசைகளில் பரங்கிக்காய்கள், இரண்டு பக்கமும் சோளத்தட்டைகள், காட்டுக்கொடியின் ஆரஞ்சுப் பழக் கொத்துகள். ஹெஸ்டர் வந்து கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பரவால்ல" என்றார். ரோவீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தக் கையோடு பர்லிங்டன் விமான நிலையத்துக்குக் காரை விரட்டினாள். மேவிஸ் மெல்லிய மஞ்சள் கோட்டில் நடுங்கிக்கொண்டு நின்றாள். இருவரும் தோளைத் தட்டிக்கொண்டார்கள். ஊர் வரும்வரை பேச்செல்லாம் கார் ஹீட்டரைப் பற்றியே இருந்தது. வெளியே குச்சி, குச்சி, குச்சி.

"அப்படியே இருக்கு" என்றாள் மேவிஸ்.

"நாளைக்குப் பாரு" என்றாள் ரோவீனா. அதற்குமேல் வாயைத் திறந்தால் எல்லாம் கொட்டிவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் கூடத்தின் வாசலில் ரோவீனா அக்காவின் பின்னால் போய் இரண்டு கையாலும் அவள் கண்ணை மூடினாள்.

"என்னடி பண்ற? எனக்கு அறுபத்து மூணு வயசு. விழுந்து தொலைக்கப் போறேன்."

"படி இல்ல. நட. இன்னும். நில்லு!"

கையை எடுத்தாள்.

மேவிஸ் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் சிவப்பு இலைகளுக்குள் புகுந்து மேசை விரிப்பெல்லாம் ரோஜா நிறமாக இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். "யேசுவே" என்றாள். ரோவீனா அதையே பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, நல்ல அர்த்தம்தான் என்று முடிவு செய்தாள்.

கூட்டம் நிறைந்தது. மான் வேட்டைப் பருவம் முடிய இன்னும் சில நாட்களே இருந்தன; காட்டிலிருந்து நேராக வந்தவர்கள் ஆரஞ்சுச் சட்டையோடு உட்கார்ந்தார்கள். வெளியே உறைபனிக் குளிர் என்பதால் மெரில் விடியற்காலையிலேயே வந்து இரண்டு விறகடுப்பையும் மூட்டி, திணித்துக்கொண்டே இருந்தார். சமையலறையில் எல்லா அவன்களிலும் வான்கோழி. நூற்றைம்பது உடம்புகளின் சூடு வேறு. ஆட்கள் கம்பளிச் சட்டைகளைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள். கீழேயே அப்படி என்றால் கூரையடியில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்து, "பரவால்ல, பரவால்ல" என்றுகொண்டிருந்தோம்.

சாப்பாட்டுக்கு முன்னால் மேசைக்கு ஒருவர் எழுந்து, இந்த வருடம் எதற்கு நன்றி என்று சொல்வது வழக்கம். எழுதாத விதி ஒன்று உண்டு: சொந்த விஷயம் எதுவும் வரக்கூடாது. மெரில் எழுந்தார்.

"பெரிய லாரிக்கு நாலு டயரும் புதுசு வந்துருச்சு. நன்றி." உட்கார்ந்தார். கைதட்டல்.

அடுத்த மேசையில் ஒருவர் கிணறு வற்றாததற்கு நன்றி சொன்னார். அடுத்தவர் விறகு காய்ந்துவிட்டது என்றார். அடுத்தது ரோவீனாவின் மேசை. அவள் எழுந்தாள். அந்த நேரம் பார்த்து ஹெஸ்டர் கிரேவிப் பாத்திரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

ஒரு சுகர் மேப்பிள் இலை, பாதி ஆரஞ்சு பாதி சிவப்பு, அவசரமே இல்லாமல் சுழன்று சுழன்று இறங்கி, கிரேவியின் நடுவில் மிதந்தது.

ஹெஸ்டர் இலையைப் பார்த்தார். ரோவீனாவைப் பார்த்தார். இரண்டாவது இலை மெரிலின் வழுக்கையில் ஒட்டியது. மூன்றாவது ஒரு குழந்தையின் பால் கோப்பையில். பிறகு அடுப்புப் பக்கமாக இருந்த நரம்பு முழுவதும் மெழுகை விட்டது. அதன் பின்னால் அடுத்தது, அடுத்தது. ஜாடி மெழுகு ஜாடி இல்லாமல் நிற்காது என்பது மொத்த ஊருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பிசைந்த உருளைக்கிழங்கில் இலை, கிரான்பெர்ரியில் இலை, ஆப்பிள் பை மேலே இலை, ஆரஞ்சுச் சட்டைகளின் தோளெல்லாம் இலை. கூடம் முழுக்க இலை கொட்டியது.

"யாரும் அசையாதீங்க!" என்று ரோவீனா கத்தினாள். எதற்கு அசையக்கூடாது என்று அவளுக்கே தெரியவில்லை.

குழந்தைகள்தான் முதலில் அசைந்தன. மேசைக்கடியிலிருந்து புறப்பட்டு, கையை விரித்துக்கொண்டு, விழுகிற இலையைப் பிடிக்க ஓடின. அப்புறம் பெரியவர்கள். ஒரு வேட்டைக்காரர் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தார். "ஓக் பார், ஓக் பார், கடைசியாத்தான் விழும்னு சொன்னேன்ல!" என்று யாரோ கூவினார்கள். இலையைப் பார்த்து வாய் பிளக்காத ஊர் மொத்தமும் அண்ணாந்து வாய் பிளந்து நின்றது. சிலர் வாயிலும் விழுந்தது.

ரோவீனா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள். அவளுடைய அக்டோபர் தரைக்கு வந்துகொண்டிருந்தது. மேலே உத்தரங்களும் வெறும் நரம்புகளும் தெரிய ஆரம்பித்தன. திரும்பிப் பார்த்தால், மேவிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் ஒரு பிர்ச் இலை ஒட்டியிருக்க, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்காதடி!"

"நீ ஏன்டி அழற?"

"யாரு அழறா? மெழுகு கண்ணுல விழுந்துருச்சு."

மெரில் தலையிலிருந்த இலையை எடுத்துக்கொண்டே சொன்னார்: "மேவிஸ், ரெண்டு மாசமா உனக்காகத்தான் ரோவீனா இதைப் பண்ணிக்கிட்டிருந்தா. சரளை கூடப் போடல."

"வாயை மூடு மெரில்" என்றாள் ரோவீனா.

மேவிஸ் சிரிப்பை நிறுத்தினாள். "எனக்காகவா? நான் எப்போ இலை கேட்டேன்?"

"அப்பா சாவுக்கு வந்தப்போ சொன்னியே. இந்த ஊர்ல செத்தவங்கதான் நிம்மதியா இருக்க முடியும்னு. எல்லாம் குச்சியா நின்னுது. அதான்…"

"அட லூசு! அன்னிக்கு நான் மரத்தையா பார்த்துக்கிட்டிருந்தேன்? இருன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவியான்னு வீட்டு வாசல்லயே கடைசி நிமிஷம் வரைக்கும் நின்னேன். நீ என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?"

ரோவீனாவுக்கு ஞாபகம் இருந்தது. தலையை ஆட்டினாள்.

"சொல்லு."

"வாடகைக் காரோட பின் டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு சொன்னேன்."

"அதைத்தான் சொன்ன."

"கம்மியாத்தான் இருந்தது மேவிஸ்."

"இருக்கட்டும்டி! இப்போ அந்தக் குடியிருப்புல ஒருத்தி வாரா வாரம் போன் பண்றா. 'நீங்க வந்தா நல்லா இருக்கும், மிசஸ் கார்வர்'ன்னு கேக்கறா. காசுக்குத்தான் கேக்கறா. ஆனா கேக்கறா."

இலை விழுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. கூடமும் எப்போது அமைதியானது என்று தெரியவில்லை. நூற்றைம்பது பேரும் அவரவர் தட்டுகளை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெஸ்டர் மட்டும் கிரேவிப் பாத்திரத்தோடு, தப்பித் தவறியும் பார்வையை விலக்காமல், நேராக ரோவீனாவையே பார்த்தார்.

"எழுந்து நிக்கறியே, உன் மேசைக்கு இன்னும் சொல்லல" என்றார். "சொல்லு. கிரேவி ஆறுது."

ரோவீனா கையைப் பேன்ட்டில் துடைத்தாள். மூச்சை இழுத்தாள். லாரியில் வயர்லெஸ்ஸைப் பிடித்துப் பேசுகிற அதே குரலில்தான் வந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர.

"மேவிஸ், வீட்டுக்கு வந்துடு! என்னோட இரு!"

"கேட்டுச்சு" என்றார் மெரில், வயர்லெஸ்ஸில் சொல்வது போலவே.

கூடம் வெடித்தது. மேசையைத் தட்டினார்கள், கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். எழுதாத விதி உடைந்த சத்தம் அது. ரோவீனாவின் முகம் சதுப்பு மேப்பிள் நிறத்துக்கு வந்திருந்தது. மேவிஸ் கண்ணாடியிலிருந்த இலையை உரித்து மேசையில் வைத்தாள். அவளுக்கும் இப்போது மெழுகு கண்ணில் விழுந்திருந்தது.

"மாடி ரூம் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"ரம்பம், பழைய பனிக்காலணி, டிராக்டர் சாமான் எல்லாம் கிடக்கு."

"கட்டில்?"

"அது மேலதான் எல்லாம் கிடக்கு."

"ஹீட்டர்?"

"வேலை செய்யாது."

"நல்ல அழைப்பு" என்றாள் மேவிஸ். "நீச்சல் குளம் மட்டும்தான் பாக்கி."

"ஏப்ரல்ல நிலவறைக்குள்ள தண்ணி வரும்" என்றாள் ரோவீனா. இருவரும் ஒரே நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பை நிறுத்த யாராலும் முடியவில்லை.

ஹெஸ்டர் கிரேவியை வடிகட்டிக் கொண்டுவந்தார். அதில் இலேசாக வனிலா வாசனை அடித்தது. ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை. இலைகளை யாரும் பெருக்க விடவில்லை; சாப்பாடு முடியும்வரை கணுக்கால் ஆழத்துக்கு அவற்றில்தான் நடந்தோம். குழந்தைகள் மூலையில் குவித்துக் குதித்தன. பல ஆண்டுகளாகக் குதிக்காத சிலரும் குதித்தார்கள், பெயர் சொல்வதற்கில்லை.

மேவிஸ் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறினாள். திங்கட்கிழமை காலை அந்தக் குடியிருப்புக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மார்ச் முதல் வாரம் வந்துசேர்கிறாள். மாடி அறைக்கு ஹீட்டர் இன்னும் வாங்கவில்லை.